நீலகிரித் தேயிலையை "சாயம் பத்தாது" என்று ஒதுக்குகிறவர்களுக்கு

தமிழ்நாட்டு நீலகிரி மலையின் கூடலூர், கோத்தகிரிப் பக்கமிருந்து சொந்தக்காரர் வந்தால் பையில் ஒரு பக்கட் தேயிலை இருக்கும். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தோடு இலங்கையிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் பறித்த கொழுந்தாகவும் இருக்கலாம். நாம் அதில் பால்மாவைக் கலக்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சாயம் பத்தாது, நம்ம ஊவா மலைத் தேயிலை மாதிரி வராது" என்கிறோம். இது ருசி பார்க்காமல் சொல்லும் தீர்ப்பு.

முதலில் தூளைக் கையில் கொட்டிப் பாருங்கள். குருணை குருணையாக இருந்தால் சீ.டீ.சீ., அதாவது இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டியது, பாலுக்கென்றே செய்தது. அதில் மலை வாசம் தேடாதீர்கள். முறுக்கிய கறுப்பு இலை என்றால் ஓதடொக்ஸ், இலையை உருட்டி முறுக்கும் பழைய முறை. பால், சீனி இல்லாமல் பார்க்க வேண்டியது இதைத்தான்.

100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம், மூடி போட்டு 6 நிமிடம். தேயிலை ருசி பார்ப்பதற்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 3103 சொல்லும் அளவு இது. கரண்டியை நம்பாதீர்கள், பொடி ஒரு கரண்டியும் இலை ஒரு கரண்டியும் ஒரே எடை வராது. பிளாஸ்கில் கிடந்த தண்ணீரும் வேண்டாம், அப்போதே கொதித்தது வேண்டும். நம் வீட்டு பீ.ஓ.பி.எப். என்ற பொடித் தரத் தூளையும் அவர்களுடைய பெரிய இலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் பெரிய பிழை. பொடியில் சாயம் விறுவிறுவென்று இறங்கும், இலையில் மெதுவாகத்தான் இறங்கும். ஒரே தரத்தோடு ஒரே தரத்தை வையுங்கள்.

வாயில் வைக்கும் முன் ஊறிய சக்கையைப் பாருங்கள். புளி போட்டுத் துலக்கிய செம்புப் பானை நிறம் என்றால் நல்ல வேலை. மங்கிய மண்ணிறம் என்றால் நொதிக்க விட்டது கூடிப்போயிருக்கும். பச்சை தெரிந்தால் பெரும்பாலும் நொதித்தது போதவில்லை. ஆனால் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான பனிக்காலத் தேயிலையில் கொஞ்சம் பச்சை இருப்பது குறையல்ல. கொழுந்தை அங்கே ஈரம் போகக் கடுமையாக வாட்டுவார்கள், அதனால் நொதிப்புக் குறையும்.

பிறகு சத்தம் வர உறிஞ்சுங்கள், வெட்கப்படாதீர்கள். காற்றோடு சேர்ந்தால்தான் வாசம் மூக்குக்கு ஏறும். ஜூலை - செப்டெம்பர் ஊவாவில் வலித்தைலக் குளிர்ச்சி ஒன்று வரும், ஈறும் இறுகும். நீலகிரியில் அதை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே பூவாசமும் இலேசான துவர்ப்பும்தான். கருகல் அடித்தால் உலர்த்தியில் சூடு கூடியிருக்கிறது. உப்புச்சப்பில்லாமல் வெந்த கீரை போல் இருந்தால் சூடு குறைந்து, இலை காயாமல் புழுங்கியிருக்கிறது. அந்தக் குற்றம் தொழிற்சாலையினுடையது, மலையினுடையதல்ல.

மிச்சத்தை இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சாயம் கூடிய நம் தேத்தண்ணி காலையில் பால் விட்டதுபோல் கலங்கி நிற்கும். கெட்டுப்போகவில்லை, கஃபீனும் சாயப் பொருளும் குளிரில் ஒட்டிக்கொள்வதுதான். நல்ல நீலகிரி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். தேசிக்காய் பிழிந்து குளிரக் குடிக்க அதுதான் தோது.