ஃப்ரீசருக்குள் பேட்டரி உண்மையில் தீர்ந்துவிடுகிறதா?

ஒருவர், ஃப்ரீசருக்குள் வைக்கும் வயர்லெஸ் வெப்பநிலை சென்சாரின் ஏஏ அல்கலைன் பேட்டரியைக் குளிர் உறிஞ்சிவிடும், 'லோ பேட்டரி' காட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்கிறார். அனுபவத்தில் அப்படித்தான் தோன்றும். ஆனால் சார்ஜ் எங்கும் போய்விடுவதில்லை.

அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது நீரில் கரைந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. மைனஸ் 18 டிகிரியில் அதில் அயனிகள் நகர்வது மந்தமாகி, உள்மின்தடை ஏறிவிடும். சென்சார் சும்மா இருக்கும்போது தெரியாது. ரேடியோவில் அளவை அனுப்பும் அந்த ஒரு நொடியில் மின்னழுத்தம் சட்டென்று சரியும். சென்சார் அதைப் பார்த்து பேட்டரி காலி என்று முடிவுகட்டிவிடும்.

நீங்களே சோதிக்கலாம். 'காலி'யான பேட்டரியை ஜிப் கவரில் போட்டு (இல்லையென்றால் வியர்த்து ஈரமாகிவிடும்) இரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள். அப்புறம் 10 ஓம் ரெசிஸ்டரை இரு முனைகளுக்கும் குறுக்கே சில நொடிகள் பிடித்து மல்டிமீட்டரில் பாருங்கள். குளிரில் எடுத்த உடனே இதே மாதிரி அளந்து வைத்திருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ரெசிஸ்டர் இல்லாமல் அளந்தால் இரண்டுமே நன்றாகத்தான் காட்டும், அதை நம்ப வேண்டாம்.

அதே ஏஏ அளவில் 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரி கிடைக்கிறது. அதில் தண்ணீர் கிடையாது. எனர்ஜைசரின் தரவுத்தாளில் அது மைனஸ் 40 வரை, அல்கலைன் மைனஸ் 18 வரைதான். 3.6 வோல்ட் லித்தியமும் அதே அளவில் வரும். தவறுதலாக அதைப் போட்டுவிடாதீர்கள்.