ஹார்ன் அடித்தால் அணைகிற ஜிபிஎஸ்

என் பைக்கில் ஹார்ன் அடித்தால், ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிற ஜிபிஎஸ், அதாவது வழிகாட்டும் பெட்டி, அணைந்துவிடுகிறது. லாரியை முந்தப் போகிறோம், விரல் ஹார்னில் விழுகிறது, உடனே திரையில் வரைபடம் மறைந்து "வெளி மின்சாரம் துண்டிக்கப்பட்டது, அணைக்கவா?" என்று ஒரு கேள்வி. விழுப்புரம் தாண்டுவதற்குள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே விரல் தேய்ந்துவிடும். நம் ஊர்ச் சாலையில் ஹார்னைத் தொடாமல் ஓட்டு என்றால் அதற்கு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

பொருத்திக் கொடுத்த கடைத் தம்பி செய்த வேலை இது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் கைக்கு எட்டியது ஹார்ன் வயர். அதிலேயே கொக்கி போட்டு முடித்துவிட்டார். ஹார்ன் அலறும்போது அந்த ஒல்லி வயரில் வோல்டேஜ் இறங்குகிறது. 12 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாகத் தர வேண்டிய மவுண்ட், அதாவது ஜிபிஎஸ் உட்காருகிற தாங்கி, அங்கேயே படுத்துக்கொள்கிறது. உருப்படியாகச் செய்வது ஒன்றும் ராக்கெட் விஷயமில்லை. பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், அப்புறம் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தாலேயே திறந்து மூடுகிற ஒரு சுவிட்ச். ரிலேயின் 30-ஆம் காலில் பேட்டரி, 87-இல் ஜிபிஎஸ், 85-இல் எர்த், 86-இல் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற ஏதாவது ஒரு வயர். சாவியை எடுத்தால் எல்லாம் அணையும், காலையில் பேட்டரி செத்துக் கிடக்காது. இதைச் சொன்னால் தம்பி சிரிக்கிறார். "அண்ணா, நூறு வண்டிக்கு இப்படித்தான் போட்டிருக்கேன்." மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் ஹார்னே அடிக்காத முனிவர்களா?

வயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி, அவ்வளவுதான் இணைப்பு. சித்திரை வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்தால் அந்த டேப்பின் பசை உருகி வழியாதா? ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் வயர் கம்பி மாதிரி விறைக்கிறது. ஸ்டியரிங் கழுத்தில் உரசி உரசி, மேலுறை ஏற்கெனவே வெளுத்துவிட்டது. டேங்கைத் தூக்கி அடியில் வயரை ஓட்டச் சோம்பல், வேறென்ன. சரி, பைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்துகொள்ளலாம் என்று போனால், "வயரில் கை வைத்தால் வாரண்டி போயிடும் சார்" என்று முதல் வரியிலேயே கதவைச் சாத்துகிறார்கள். ஜிபிஎஸ்ஸோடு வந்த புத்தகத்தைத் திறந்தால் "தகுதி பெற்ற நிபுணரைக் கொண்டு பொருத்தவும்" என்கிறது. அந்த மகான் எந்த ஊரில் இருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

போனையே மாட்டிக்கொண்டு போயேன் என்று கேட்காத ஆளில்லை. கூகுள் மேப்ஸ் 2017-லேயே இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழி காட்டத் தொடங்கிவிட்டது, அதுவும் முதலில் இந்தியாவில்தான். தெரியும். மோட்டார் சைக்கிள் இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே எச்சரித்ததும் தெரியும். வெயிலில் போன் சூடாகித் திரை மங்கும். மழையில் ஒவ்வொரு துளியும் ஒரு விரலாகி எதையாவது அமுக்கிவிடும். இதிலிருந்தெல்லாம் தப்பிக்கத்தானே 40,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கியது. பெட்டி மேல் குறையே சொல்ல முடியாது. கொட்டும் மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆவதில்லை, உச்சி வெயிலிலும் எழுத்து தெரிகிறது, கையுறையோடு தொட்டாலும் கேட்கிறது. பாழாய்ப்போன வழி மட்டும்தான் அதற்குத் தெரியவில்லை.

ஊர் பெயரைத் தேடுவதே தனி வேதனை. தூத்துக்குடிக்கு டி-யா, டி-எச்-சா, இல்லை பழைய டூட்டிகோரினா? 2020 ஜூனில் அரசாங்கமே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி ஆணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசாங்கமே தடுமாறுகிற இடத்தில், ஓர் எழுத்து பிசகினாலும் "கிடைக்கவில்லை" என்று கையை விரிக்கிற பெட்டியை எவன் செய்தான்? போனில் தப்பும் தவறுமாக அடித்தாலும் ஊர் வருகிறதே.

இதைவிடக் கொடுமை கொடைக்கானலில். அங்கிருந்து மூணாறு என்று போட்டேன். பெரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் போய் மூணாறு இறங்கலாம் என்று நீலக் கோடு போட்டுக் காட்டியது. அந்தச் சாலை 1990-லேயே மூடப்பட்டுவிட்டது! பெரிஜம் ஏரி வரை போகவே வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கப்பால் காடுதான். மூணாறு போகிறவர்கள் மலையிறங்கி, தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை என்று சுற்றித்தான் போக வேண்டும், சுமார் 170 கிலோமீட்டர். பெட்டி அதில் பாதியைச் சொல்லி, மதியச் சாப்பாட்டுக்கே போய்விடலாம் என்று நேரமும் காட்டுகிறது. ஊர் தெரிந்தவன் சிரித்துவிட்டுப் போவான். முதல்முறை வருகிறவன் பெட்ரோலையும் அந்தக் கணக்குக்குத்தானே போட்டிருப்பான்? மலையிறங்கத் தொடங்கிய பிறகும் பெட்டி விடுவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் "திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும்." கொண்டை ஊசி வளைவில் எங்கே திரும்புவது? கீழே பள்ளத்தாக்குக்கா?

ஹெல்மெட் ப்ளூடூத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். முதலில் ஜிபிஎஸ், அப்புறம் ஹெட்செட், கடைசியில் போன் என்ற வரிசையில் உயிர்ப்பித்தால்தான் காதில் குரல் வரும். வரிசை மாறினால் வழி சொல்கிற குரல் யாருக்குக் கேட்கிறது என்றே தெரியாது. டிராஃபிக் நிலவரம் தெரிய வேண்டுமா? அதற்குப் போனில் ஒரு செயலி வேண்டுமாம். எந்தப் போனிலிருந்து தப்பிக்கப் பெட்டி வாங்கினேனோ, அதே போன் என் சட்டைப் பையில் டேட்டாவைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மூடிய சாலையைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதினேன், வரைபடத்தின் படத்தோடு. "உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது, அடுத்த வெளியீட்டில் பரிசீலிப்போம்" என்று பதில் வந்தது. வெளியீடும் வந்தது. அதை இறக்கக் கம்ப்யூட்டர், கேபிள், பெட்டிக்குள் இடம் போதவில்லை என்று தனியாக ஒரு மெமரி கார்டு, ராத்திரி முழுக்க ஒரு பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பொறுமை, எல்லாம் வேண்டியிருந்தது. விடிந்ததும் முதல் வேலையாகக் கொடைக்கானல், மூணாறு என்று அடித்துப் பார்த்தேன். பெரிஜம் சாலை அப்படியே இருக்கிறது. நீலமாக இருந்த கோட்டை ஊதாவாக்கியிருக்கிறார்கள்.