அந்த மண்ணை மூடுங்கள்!

பெங்களூரு ஹொரமாவில் நாங்கள் இருக்கும் தெருவில், எதிர் மனையில் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. தோண்டிய செம்மண்ணைத் தெருவோரம் ஆள் உயரத்துக்குக் குவித்தார்கள். அன்று குவித்த மண் இன்றும் திறந்தே கிடக்கிறது. ஒரு தார்ப்பாய் போட்டு நாலு மூலையில் கல் வைக்க எவ்வளவு நேரமாகும்?

காலை ஆறு மணிக்கு அம்மா வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார். டிப்பர் லாரி இரண்டு முறை போய்வந்தால் புள்ளிகூடத் தெரிவதில்லை. துளசி இலையைத் தொட்டால் விரல் செங்கல் நிறமாகிறது. அம்மாவுக்கு 71 வயது. இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடுகிறார். “ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், அம்மா” என்கிறார் மேஸ்திரி. நாங்கள் ஏன் சாத்த வேண்டும்? மண் உங்களுடையது. நீங்கள் மூடுங்கள்!

சட்டம் இல்லாமல் இல்லை. காற்றில் தூசி அளவு மீறிய நகரங்களுக்காக 2018 ஜனவரியிலேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. மண்ணையும் மணலையும் மூடாமல் வைக்கக் கூடாது. கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதிகபட்சம் 10 மீட்டர் வரை, காற்றுத் தடுப்பு வேண்டும். தண்ணீர் தெளிக்க வேண்டும். திறந்தவெளியில் கல் அறுக்கக் கூடாது. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், அப்படி அளவு மீறிய நகரங்களின் பட்டியலில் பெங்களூருவும் இருக்கிறது. ஆனால் எதிர் மனையில் நிற்பது கிழிந்த பச்சை வலை ஒன்றுதான், அதுவும் இடுப்பளவுக்கு.

தண்ணீர்ப் பஞ்சத்தில் எப்படித் தெளிப்பது என்று பொறியாளர் கேட்கிறார். குடிநீரைத் தெளிக்கச் சொல்லி யார் கேட்டது? 2024 மார்ச்சில் இந்த ஊர் தண்ணீருக்குத் தவித்தபோதே, கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு வந்தது. சுத்திகரித்த கழிவுநீர் லாரியிலேயே வருகிறதே! மனையை விட்டு வெளியேறும் லாரிச் சக்கரத்தை அதில் கழுவிவிட்டாலே பாதித் தொல்லை தீரும். சக்கரத்தில் ஒட்டிய ஈரமண் தார்ச்சாலையில் விழுந்து காய்கிறது. அடுத்தடுத்து வரும் டயர்கள் அதை மாவாக அரைக்கின்றன. அந்த மாவைத்தான் நாம் மூச்சில் இழுக்கிறோம்.

பக்கத்து மனையில் வேலை முடியும் தறுவாய். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கிரானைட் அறுக்கிறான். புருவமெல்லாம் வெள்ளை. அந்தத் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தழும்பு விழச் செய்யும், பிறகு எந்த மருந்துக்கும் அது ஆறாது. அறுக்கும் இடத்தில் தண்ணீரைச் சொட்டவிட்டால் தூசி அங்கேயே அடங்கும். ஒரு வாளித் தண்ணீர், ஒரு குழாய். அதைக்கூடக் கொடுக்காதவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

மாசியில் புழுதியாகப் பறந்த அதே மண்தான் வைகாசி மழையில் சேறாக ஓடுகிறது. 2025 மே மாதம் இதே ஹொரமாவின் சாய் லேஅவுட்டில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். வடிகாலை மண் அடைத்தால் மழைநீர் எங்கே போகும்? எங்கள் தெரு வடிகாலைத் தூர்வார ஆள் வந்தார்கள். வாரிய சேற்றை வடிகாலின் கரையிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் அத்தனையும் உள்ளே திரும்பிவிட்டது. மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. யார் வந்து எதைத் தீர்த்தார்கள்?

நேற்று இரவும் மழை. காலையில் பார்த்தால் குவியல் ஓர் அடி இறங்கியிருக்கிறது. அந்த ஓர் அடி மண்ணும் எங்கள் வடிகாலுக்குள் கிடக்கிறது. இன்று மாலைக்குள் தார்ப்பாய் வர வேண்டும். வராவிட்டால், நாளைக் காலை முதல் லாரி வரும்போது தெருவில் இருக்கும் ஒன்பது வீட்டாரும் குறுக்கே நிற்போம். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.