சாலொமோன் ஆலயத்தில் உருவமே இல்லையா?

"பத்துக் கட்டளை உருவங்களைத் தடுக்கிறது, அதனால் சாலொமோன் கட்டிய ஆலயத்தில் சிற்பமோ வார்ப்போ இருந்திருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இஸ்ரவேல் ராஜா சாலொமோனின் இந்த ஆலயத்தை விவரிக்கும் பைபிள் நூலான 1 இராஜாக்களின் 6, 7 அதிகாரங்களைத் திறந்தாலே இந்த வாதம் நிற்காது.

உள்ளறையில் ஒலிவ மரத்தில் செய்து பொன் பொதிந்த இரண்டு கேருபீன்கள் (சிறகுள்ள வானுலக உயிர்களின் உருவங்கள்), ஒவ்வொன்றும் 10 முழ உயரம். 'கடல்' எனப்பட்ட பெரிய வெண்கலத் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கியவை 12 காளைகள். சக்கரம் வைத்த 10 வெண்கலத் தாங்கிகளிலும் சிங்கம், காளை, கேருபீன் உருவங்கள். இதையெல்லாம் எழுதியவர் பெருமையாகத்தான் வர்ணிக்கிறார், ஒரு குறையும் சொல்லவில்லை. அவருக்குத் தடை என்பது வணங்கச் செய்யும் உருவங்களுக்குத்தான் என்று தோன்றுகிறது. அந்தக் காளைகளைச் சட்டமீறல் என்று பிறகு கண்டித்தவர் கி.பி. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். ஆக, எல்லா உருவமும் தடை என்ற வாதம் புதிதல்ல, ஆனால் ஆலயக் காலத்துப் பார்வையும் அல்ல.

அப்புறம், "வெண்கல வேலையைச் செய்தது தீருவின் ராஜா ஈராம்" என்று அவர் சொல்வதும் குழப்பம் (தீரு என்பது பெனிக்கியத் துறைமுக நகரம்). ராஜா அனுப்பியது மரமும் ஆட்களும். வார்த்தவர் அதே பெயருள்ள கைவினைஞர். தாய் இஸ்ரவேலின் நப்தலி கோத்திரத்து விதவை, தந்தை தீரு ஊரார். யோர்தான் சமவெளியில், சுக்கோத்துக்கும் சர்தானுக்கும் நடுவே, களிமண் தரையில் வார்த்தார். அவ்வளவு பெரிய வார்ப்புக்கு நல்ல களிமண் கிடைக்கும் இடமாகப் பார்த்திருக்கிறார்கள்!

இந்த வடிவங்கள் இஸ்ரவேலுக்கு மட்டும் உரியவையும் அல்ல. சைப்ரஸில் கிடைத்த, இதைவிடப் பழைய சக்கர வெண்கலத் தாங்கிகளிலும் சிறகுள்ள விலங்குகள் உண்டு.