ஃபைஃபோ கேள்வியும் ரியூட்டரி விடையும்

எங்கட பிள்ளைகளுக்குப் பாடம் தெரியும். ஆனால் பெரிய சிப் கம்பனி நேர்முகத்துக்கு வந்து உட்கார்ந்தால் வாய் திறக்கமாட்டார்கள். ஹார்ட்வெயார் எஞ்சினியர்களிடம் கேள்வி கேட்கிற பக்கத்தில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

எல்லா இடத்திலும் கேட்கிற ஒரு கேள்வி: 80 மெகாஹெர்ட்ஸில் எழுதுகிறோம், 50 மெகாஹெர்ட்ஸில் வாசிக்கிறோம், 120 தரவுகள் ஒரேயடியாக வருகின்றன. இடையில் வைக்கிற ஃபைஃபோவுக்கு, அதாவது முதலில் வந்ததை முதலில் வெளியே விடுகிற தற்காலிகச் சேமிப்புக்கு, எவ்வளவு ஆழம் வேண்டும், எத்தனை தரவு பிடிக்க வேண்டும்? எழுதி முடிய 1.5 மைக்ரோசெக்கன். அதற்குள் 75 வாசித்தாயிற்று, மிச்சம் 45. யாழ்ப்பாணத்துப் பிள்ளை பேனை எடுக்காமலே சொல்லிவிடும். சரி, அப்படி இரண்டு தொகுதி இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து வந்தால்? அதோடு பேச்சு நின்றுவிடும். விடை 90. அது பெரிய விசயமில்லை. "ஒரு தொகுதிக்கும் மற்றதுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கும் சேர்?" என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நாங்கள் வேண்டுமென்றேதான் கேள்வியை அரைகுறையாக வைக்கிறோம்.

புலமைப்பரிசில் தொடக்கம் ஏ.எல். வரை பாஸ்ட் பேப்பர் செய்து வளர்ந்த பிள்ளைக்கு, கேள்வியிலேயே ஓட்டை இருக்கலாம் என்று எப்படித் தோன்றும்? ரியூட்டரிக் கொட்டிலில் எழும்பிச் சந்தேகம் கேட்டால் பின்வாங்கு முழுக்கச் சிரிக்கும். சேருக்கும் சிலபஸ் முடிக்கிற அவசரம்.

ஆனால் இந்த வேலையே சந்தேகப்படுகிற வேலைதான். மென்பொருளில் பிழை வந்தால் நாளைக்கு ஒரு அப்டேட் அனுப்பலாம். சிலிக்கனில் பதிந்ததைப் பெரும்பாலும் தொட முடியாது. 1994இல் இன்டெலின் பென்டியம் சில வகுத்தல் கணக்குகளைப் பிழையாகச் செய்தது. உள்ளே இருந்த அட்டவணையில் சில பெறுமானங்கள் விடுபட்டிருந்தன, அவ்வளவுதான். அதற்காக அந்தக் கம்பனி ஒதுக்கிய தொகை 47.5 கோடி டொலர். அதனால்தான் சிப்பை வடிவமைக்கிறவர்களைவிடச் சரிபார்க்கிறவர்கள் பல இடங்களில் அதிகம். இரவு முழுக்க ஓடின சோதனைகளில் எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று வேவ்ஃபோர்மை, அதாவது சிக்னல்கள் நேரத்தோடு மாறுகிற வரைபடத்தை, பார்த்துக்கொண்டு இருப்பதுதான் எங்களில் பலருக்குப் பாதி உத்தியோகம். கலியாணவீட்டில் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

லண்டன் மாமாவோ கனடாச் சித்தப்பாவோ சிபாரிசு செய்தால் உள்ளே போய்விடலாம் என்ற நம்பிக்கை வேறு. சிபாரிசால் சீவியை ஒருவர் திறந்து வாசிப்பார். அதற்குப் பிறகு நடக்கிற சுற்றுகளில் மாமாவுக்கு வேலை இல்லை.

லாப் வசதி இல்லை என்று கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிற பெடியள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் சிப் வடிவமைப்பைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கிற வெரிலேற்றர், ஐகாரஸ் வெரிலொக், வேவ்ஃபோர்ம் காட்டுகிற ஜிடிகேவேவ் மூன்றும் இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். எழுத ஒரு வேகம், வாசிக்க இன்னொரு வேகம் என்று இரண்டு குளொக் உள்ள ஒரு ஃபைஃபோவை எழுதுங்கள். பிறகு நண்பனிடம் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். உடைந்த இடத்தின் வேவ்ஃபோர்மோடு இன்பொக்ஸுக்கு வந்தால் இரவிருந்தும் பார்ப்பேன். "அண்ணா, என்ன கேள்வி வரும்?" என்று மட்டும் கேட்டு வராதீங்கோ.