திருப்புவது அவர்கள், திண்டாடுவது நான்

நவம்பர் முதல் ஞாயிறு வந்தாலே எனக்கு வயிற்றெரிச்சல். அமெரிக்காவில் கோடை வெளிச்சத்துக்காக முன்னால் தள்ளி வைத்த கடிகாரத்தை மறுபடி ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். மறுநாளே மாலை 6.30 மீட்டிங் 7.30க்குப் போய்விடும். நியூயார்க்காரருக்கு என்ன, எப்போதும் போலக் காலை 9 மணி. எனக்கோ மகளைப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டிவரும் நேரம். நேற்று பிள்ளை பையைக் கட்டிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசற்படியில் எட்டரை வரை உட்கார்ந்திருந்தாள்.

லண்டன்காரர்கள் இன்னும் மோசம். ஒரு வாரம் முன்னாலேயே, அக்டோபர் கடைசி ஞாயிறே திருப்பிவிடுவார்கள். அந்த ஒரு வாரம் மட்டும் அவர்களுக்கு மீட்டிங் மதியம் 1 மணி. சாப்பாட்டு நேரத்தில் வைக்கலாமா என்று என்னிடம் கோபப்படுகிறார்கள். நானா ஐயா திருப்பினேன்?

இதைச் சொல்லிப் புலம்பினால் ஆபீஸ் தம்பி ஒருவன், "உலகம் முழுக்க ஒரே டைம் வெச்சுட்டா முடிஞ்சுது அண்ணே, பைலட்டுங்க எல்லாம் யூடிசி-லதானே ஓட்டுறாங்க" என்கிறான். யூடிசி என்றால் உலகப் பொது நேரம், நம் மணிக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். பைலட்டுக்குச் சரி. வீட்டுக்கு? திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை–ஒன்பது என்று தூக்கத்திலும் சொல்லும் என் அம்மாவிடம், இனி அது 2 முதல் 3.30 வரை என்று யார் போய்ச் சொல்வது? அப்படி வைத்தால் நமக்காவது இப்போதைய விடிகாலை 5.30க்கு, பால் பாக்கெட்டோடு தேதி மாறும். நியூசிலாந்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் செவ்வாய் போய்ப் புதன் வந்து நிற்கும்!

சீனாவில் 1949லிருந்து நாடு முழுக்க பெய்ஜிங் நேரம்தான். மேற்குக் கோடியில் சின்ஜியாங்கில் குளிர்காலத்தில் காலை ஒன்பதரை தாண்டித்தான் சூரியன் தலைகாட்டும். அதனால் அங்கே பலர் இரண்டு மணி நேரம் குறைத்துத் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டுக்குள்ளேயே இந்த லட்சணம். உலகத்துக்கே ஒரே டைம் வந்தாலும், அமெரிக்காக்காரன் மணியைத் திருப்ப முடியாவிட்டால் ஆபீஸ் நேரத்தைத் தள்ளி வைப்பான், அவ்வளவுதான். நான் அப்போதும் இருட்டில்தான் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பேன்.

ஊருக்கு ஒரு நேரம் இருந்துவிட்டுப் போகட்டும். திருப்பாமல் இருங்கள், போதும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கேயும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். 1945ல் அதைத் தலைமுழுகியாயிற்று. ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்தத் திருப்பல் வேண்டாம் என்று 2019லேயே வாக்களித்தது. 2022ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டும் இதே போல ஒரு மசோதாவை நிறைவேற்றியது. இரண்டும் கிடப்பில்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை இதே கதைதான். டீச்சரிடம் வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். "அமெரிக்காவுல மணி மாறினா நான் ஏன் சார் மாத்தணும்?" என்றார்.