ஏ.எஃப்.டி.ன்னா என்னப்பா?

போன மாதம் வெளியூர் நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு புதுச்சேரியைச் சுற்றினேன். மஞ்சள் சுவர், காகிதப்பூ, கடற்கரைச் சாலை, 300 ரூபாய்க்கு ஒரு காபி. "பிரெஞ்சுக்காரன் ஊரை என்னமா வச்சிருந்திருக்கான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வண்டியை முதலியார்பேட்டைக்குத் திருப்பி, ஏ.எஃப்.டி. மில் சுவரோரம் நிறுத்தினேன். "இதுவும் அவன் காலத்தில் வந்ததுதான்." சுவரில் ஆலங்கன்று முளைத்திருந்தது. அவர் போட்டோ எடுக்கவில்லை.

இது துணியால் வாழ்ந்த ஊர். அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி இங்கிருந்து செனகல் வரை கப்பல் ஏறியது. அப்புறம் மில்கள். ஏ.எஃப்.டி. 1898இல் ரோடியர் மில்லாகத் தொடங்கியது. என் சின்ன வயதில் வீட்டில் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள், மில் சங்குதான் கணக்கு. முதல் சங்குக்கு உலை வைக்கணும், அடுத்த சங்குக்குள் தூக்குச்சட்டி சைக்கிளில் தொங்கணும். ஷிப்டு முடிந்து வரும் தாத்தாவின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். வீட்டிலும் கத்தித்தான் பேசுவார், தறிச் சத்தத்தில் பழகிய தொண்டை. எங்கள் தெருவில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடா, மில்காரர் வீடா?

1936 ஜூலை 30 அன்று இதே ஊரின் இன்னொரு மில்லான சவானா மில்லில் பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் செத்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டம். அடுத்த வருடம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதலில் இங்கேதான் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். சரி, பெருமைதான். ஒயிட் டவுன் என்கிற பிரெஞ்சுப் பகுதியின் சுவருக்கு மஞ்சள் அடிக்க வரும் அக்கறை, அந்தப் பெருமை பிறந்த இடத்துப் பக்கம் ஏன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை?

"சங்கம் வச்சே மில்லை மூடிட்டாங்க" என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். ஒரு மில்லுக்கு இத்தனை கொடி எதற்கு என்று தாத்தாவே திட்டுவார், அது வேறு. ஏ.எஃப்.டி. மில் நஷ்டத்தில் ஓடியதும் உண்மைதான். ஆனால் ஆளை வேலைக்குக் கூப்பிடாமல், லே-ஆஃப் என்று பாதிச் சம்பளம் கொடுத்து வருடக்கணக்காய் இழுத்தடித்தது சங்கமா? 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் அடித்த அடிக்குப் பிறகு மில் தேறவே இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் மில்லைத் திறந்தார்கள், மேடையில். 2020 ஏப்ரல் 30இல் ஒரேயடியாக மூடினார்கள். ஊரடங்கு நேரம். கேட்டுக்கு முன்னால் நின்று கத்தக்கூட முடியாத நாள்.

இப்போது ஏ.எஃப்.டி. என்றால் திடல்தான். பொருட்காட்சி போடுவார்கள். 2024இல் பஸ் ஸ்டாண்டைப் புதுப்பித்தபோது பஸ்களும் அங்கேதான் நின்றன. அப்போது பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் மகள் கேட்டாள்.

"ஏ.எஃப்.டி.ன்னா என்னப்பா?"

"ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்."

"இவ்ளோ பெரிய துணிக்கடையா?"